முதல் கெடாமல் ஒரு புண்ணியம்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் ஆழ்வார்குறிச்சியில் பல வீடுகளில் ஒரே கணக்குத்தான் ஓடும். பையனுக்குப் புதுப் பை, செருப்பு, நோட்டு. கல்லூரியில் சேரப்போகும் பெண்ணுக்கு முதல் கட்டணம். அதே வாரத்தில்தான் வயலுக்கும் பணம் வேண்டும். கடனாநதிக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் கார் சாகுபடிக்கு உழவு, நாற்று, உரம் என்று அடுக்கடுக்காகச் செலவு வரும். மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் பெண்ணுக்கு வாரச் சம்பளம் வரும். ஆனால் அது அந்த வாரத்துக்குத்தான் சரியாக இருக்கும்.

இந்த நேரத்தில் 5,000 ரூபாயோ 10,000 ரூபாயோ புரட்ட மூன்று வழிகள் உண்டு. கம்மலைக் கழற்றி நகைக்கடன் வாங்கலாம். அது ஏற்கெனவே அடகில் இருந்தால், காலையில் பைக்கில் வரும் தண்டல்காரரிடம் வாங்கலாம். மூன்றாவது வழி, தெருவில் இருக்கும் ஓர் ஆச்சி.

ஊருக்கு ஊர் அப்படி ஓர் ஆச்சி இருப்பார். பென்ஷனிலும் சிறுவாட்டிலும் மிச்சம் பிடித்த பணம் அவரிடம் கொஞ்சம் இருக்கும். போய் நின்றதும் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்.

“ஆச்சி, ஒரு அஞ்சாயிரம் ரூவா இருந்தாக் குடுங்க. கார் அறுப்பு முடிஞ்சதும் தந்துருதேன்.”

“எதுக்குளா? வேற எங்கயும் வாங்கிருக்கியா? மாசாமாசம் உன்னால எவ்வளவு தர முடியும்?”

கேட்பவருக்கு இந்தக் கேள்விகள் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஆனால் வங்கி அதிகாரி பத்துப் பக்கப் படிவத்தில் கேட்பதும் இதே மூன்றைத்தான். பணம் எதற்கு, வேறு கடன் உண்டா, திரும்பி வரும் வழி என்ன? பதில் சரியாக இருந்தால் ஆச்சி சிவசைலத்துப் பரமகல்யாணியை நினைத்துக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுப்பார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதியையும் தொகையையும் குறித்துக்கொள்வார். சாமி மேல் பாரத்தைப் போட்டாயிற்று என்பதற்காகக் கணக்கு எழுதாமல் விடுவதில்லை. கணக்கு எழுதுவதால் பக்தி குறைந்துபோவதும் இல்லை.

நம்பிக்கை என்று தமிழில் ஒரே சொல்தான் வைத்திருக்கிறோம். சாமி மேல் வைப்பதும் நம்பிக்கை. பக்கத்து வீட்டுப் பெண் பணத்தைத் திருப்பித் தருவாள் என்று நினைப்பதும் நம்பிக்கை. சிறுகடன் கொடுக்கும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அந்த நம்பிக்கை எப்போது புண்ணியமாகவும் நல்ல முதலீடாகவும் இருக்கிறது, எப்போது கெட்டுப்போகிறது? இதற்கு ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்திலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது.

580 கலம் நெல்

ரயிலேறினால் சற்று நேரத்தில் வந்துவிடும் ஊர் அம்பாசமுத்திரம். அதன் பழைய பெயர் இளங்கோக்குடி. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால், வரகுண மகாராசர் என்ற பாண்டிய மன்னர் அந்த ஊர்க் கோயிலுக்கு ஓர் ஏற்பாடு செய்தார். அப்போது அவர் இருந்தது தொண்டை நாட்டில், பெண்ணையாற்றங்கரை அரைசூரில். அங்கிருந்தபடி தாமிரபரணிக் கரைக் கோயிலின் நித்திய பூஜைக்கு 290 காசு ஒதுக்கினார்.

அந்தப் பணத்தை அவர் கோயில் உண்டியலில் போடவில்லை. இளங்கோக்குடி ஊர்ச்சபையின் கையில் கொடுத்தார். ஒரு காசுக்கு ஆண்டுக்கு 2 கலம் நெல் வட்டி. 290 காசுக்கு 580 கலம். அந்த நெல்லைக் கொண்டு பூஜை நடக்க வேண்டும்; முதலில் ஒரு காசும் குறையக் கூடாது. அம்பாசமுத்திரத்தில் கிடைத்த கல்வெட்டு சொல்லும் செய்தி இது. அதே வரகுணர் பெயரில் திருச்செந்தூரிலும் ஒரு கல்வெட்டு உண்டு. அங்கே 1,400 காசைப் பல ஊர்ச்சபைகளுக்குப் பிரித்துக் கொடுத்து, வட்டியிலிருந்து முருகன் கோயில் செலவை நடத்த ஏற்பாடு.

வட்டிக்கு அந்தக் காலத்துச் சொல் பொலி, பொலிசை. பொலி என்றால் களத்தில் தூற்றிக் குவித்த நெல்லும்தான். நெல் அளக்கும்போது “பொலி, பொலி” என்று சொல்லி அளக்கும் வழக்கத்தைக் கிராமத்துப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். விளைந்து குவிந்ததற்கும் வட்டிக்கும் ஒரே பெயர். இதிலேயே ஒரு நியாயம் அடங்கியிருக்கிறது. வட்டி என்பது விளைச்சலிலிருந்து வர வேண்டியது. வாங்கியவரின் விதைநெல்லிலிருந்தோ ஏர்மாட்டிலிருந்தோ வர வேண்டியதல்ல.

மன்னர் கொடுத்தது பக்தியால். ஆனால் அவர் அதைச் செலவழித்துத் தீர்க்காமல் ஊரிடம் முதலாக வைத்தார். சபை அந்தக் காசைப் பூட்டி வைத்திருந்தால் ஒரு கலம் நெல்லும் வந்திருக்காது. ஊருக்குள் உழவுக்குத்தான் போயிருக்க வேண்டும். சாமிக்குப் பூஜை, உழுகிறவருக்குக் கைமுதல், மன்னருக்குப் புண்ணியம். மூன்றும் ஒரே பணத்தில்.

ராஜராஜ சோழன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயில் பணமும் இப்படி ஊர்ச்சபைகளுக்குக் கடனாகப் போனது. அங்கே வட்டி காசுக்கு அரைக்கால் காசு. அதாவது ஆண்டுக்கு 12.5 சதவீதம். இன்று நம் ஊர்களில் “ஒரு ரூபாய் வட்டி” என்கிறோமே, 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய், அது ஆண்டுக்கு 12 சதவீதம். ஆயிரம் ஆண்டு கழித்தும் நியாயமான வட்டி என்று ஊர் மனதில் நிற்கிற எண் ஏறத்தாழ அதே இடத்தில்தான் இருக்கிறது.

550 ரூபாயும் 10,000 ரூபாயும்

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் 10,000 ரூபாய் கடன் வாங்கித் தையல் மெஷின் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கெட், சுடிதார் தைத்து, நூல், கரண்ட் செலவு போக மாதம் 1,500 ரூபாய் நிற்கிறது.

மகளிர் குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கி, மாதம் 1,000 ரூபாய் வீதம் அசலைக் கழிக்கிறார். அசல் குறையக் குறைய வட்டியும் 100, 90, 80 என்று இறங்கும். 10 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். கட்டிய மொத்த வட்டி 550 ரூபாய். பதினோராவது மாதம் மெஷினும் அவருடையது, 1,500 ரூபாயும் அவருடையது.

அதே 10,000 ரூபாயைப் பத்து வட்டிக்கு வாங்கியிருந்தால், வட்டி மட்டும் மாதம் 1,000. பத்து மாதத்தில் 10,000 ரூபாய் கட்டியிருப்பார். அசல் அப்படியே நிற்கும். ஒரு மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டால் அந்த வட்டிக்கும் வட்டி ஏறும். கடைசியில் மெஷினை விற்றுத்தான் தீர வேண்டும்.

தண்டலும் பார்க்கத்தான் சின்னது. 10,000 என்று எழுதி 9,000 கையில் தருவார்கள். நாளுக்கு 100 ரூபாய், 100 நாள். “ஆயிரம் ரூபாய்தானே” என்று தோன்றும். ஆனால் தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஆண்டு வட்டி 75 சதவீதத்தைத் தாண்டுகிறது.

முதல் கடனில் கொடுத்தவர் வாங்கியது விளைச்சலில் ஒரு பங்கு. மற்ற இரண்டிலும் விளைச்சல் முழுவதும் போய், முதலிலும் கை வைத்தாயிற்று. கடன் வாங்கியவரின் பிழைப்பே போய்விட்டால் கொடுத்தவருக்கு அப்புறம் எங்கிருந்து வரும்? பாவ புண்ணியத்தை விட்டுவிட்டு வெறும் லாபக் கணக்காகப் பார்த்தாலும் அது மோசமான முதலீடுதான்.

அந்தத் திங்கள்கிழமை

இது வெறும் ரூபாய்க் கணக்கு இல்லை என்பதைத் திருநெல்வேலிச் சீமை மறக்க முடியாது. 2017 அக்டோபர் 23, திங்கள்கிழமை. கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். கந்துவட்டிப் புகாரோடு வந்த ஒரு கூலித் தொழிலாளி, அவருடைய மனைவி, இரண்டு சின்னஞ்சிறு பெண் குழந்தைகள் என ஒரு குடும்பமே அந்த வளாகத்தில் நடந்த துயரத்தில் உயிரிழந்தது. நாடே பார்த்துக் கலங்கியது.

சட்டம் அப்போது இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் அதீத வட்டி வசூலைத் தடை செய்யும் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. கந்து வட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடுக்கிறது அது. 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். ஆனாலும் ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் பணம் வேண்டும் என்கிறவருக்குச் சட்டப் புத்தகம் பணம் தராது. தவறான கடனைத் தடுத்தால் மட்டும் போதாது. நல்ல கடனும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பிடி அரிசியிலிருந்து களஞ்சியம் வரை

அப்படி எட்டும் தூரத்தில் வைக்க நம் மக்கள் பல காலமாகவே வழி தேடியிருக்கிறார்கள். பெரும்பாலும் அது பக்தியை ஒட்டியே தொடங்கியிருக்கிறது. சோறு பொங்க அரிசி களையும்போது ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைப்பது நெல்லைப் பக்கத்துத் தேவாலயக் குடும்பங்களில் பழகிய பழக்கம். கோயில் கைங்கரியத்துக்கும் பிடி அரிசி உண்டு. இஸ்லாமியர் வாழும் ஊர்களில் பைத்துல்மால் என்ற பொதுநிதி வழியாக வட்டியில்லாக் கடன் கிடைக்கிறது. திருப்பித் தருவது வாங்கியவரின் கடமை. கூடுதலாக வாங்காமல் இருப்பது கொடுத்தவரின் இறையச்சம்.

அரசாங்க வழியும் தமிழ்நாட்டில்தான் முன்னதாகத் திறந்தது. கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த 1904-லேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் தொடங்கிவிட்டார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு ஆரம்பித்தன. 1992-ல் நபார்டு வங்கி, நாட்டில் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று ஆழ்வார்குறிச்சி மாதிரி சின்ன ஊரில்கூட “குழுவுக்குப் போயிட்டு வாரேன்” என்று சொல்லாத தெரு இருக்காது.

இந்தக் குழுக்களின் முகமாக நாடு பார்த்தவர் சின்னப்பிள்ளை. மதுரை அழகர்கோவில் பக்கத்துப் புல்லுச்சேரியைச் சேர்ந்தவர், விவசாயக் கூலி. பள்ளிக்கூடம் போகாதவர். கூலிப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தானம் அறக்கட்டளையின் வழிகாட்டுதலில் ‘களஞ்சியம்’ சேமிப்புக் குழுக்களை வளர்த்தார். மாதம் 20 ரூபாய் போன்ற சிறு தொகையில் தொடங்கிய சேமிப்பு அது. 2001 ஜனவரியில் டெல்லியில் அவருக்கு ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது, பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ விருதும் வந்தது.

பெயரைக் கவனியுங்கள். களஞ்சியம். அதுவும் நெல்லோடு வந்த சொல்தான்.

கடன் எல்லாமே வரம் அல்ல

வங்கதேசத்தில் 1976-ல் ஜோப்ரா கிராமத்து ஏழைகள் 42 பேருக்குப் பேராசிரியர் முகமது யூனுஸ் தன் கைப்பணம் 27 டாலர் மதிப்புக்குக் கடன் கொடுத்தது உலகப் பிரசித்தம். அதிலிருந்து பிறந்த கிராமீன் வங்கிக்கும் அவருக்கும் 2006-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதைப் பார்த்து, சிறுகடன் கொடுத்தாலே வறுமை ஓடிவிடும் என்று பலர் நம்பினார்கள்.

ஓடவில்லை. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஹைதராபாத்தின் 104 குடியிருப்புப் பகுதிகளில் ஆராய்ந்து பார்த்தார்கள். கடன் கிடைத்த பகுதிகளில் சிலர் தொழிலுக்குச் சாமான் வாங்கினார்கள். வெட்டிச் செலவும் கொஞ்சம் குறைந்தது. ஆனால் குடும்பங்களின் வாழ்க்கைத்தரம் சட்டென்று உயர்ந்துவிடவில்லை. எல்லோருக்கும் வியாபாரம் வராது. பலருக்குக் கடன் என்பது ஒரு கஷ்டத்தைத் தாண்டும் பாலம் மட்டுமே.

பாலத்துக்கு மேல் பாலம் கட்டினால் என்ன ஆகும் என்பதை ஆந்திரம் 2010-ல் காட்டியது. ஒரே வீட்டுக்கு நான்கைந்து நுண்கடன் நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. ஒன்றை அடைக்க இன்னொன்று வாங்கினார்கள். வசூல் நெருக்கடி முற்றி, மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. நம் ஊரிலும் திங்கள் ஒரு குழு, புதன் ஒரு குழு என்று தவணை கட்டிக்கொண்டிருக்கும் பெண்களுக்கு இது புரியும்.

ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த விதிகள் இவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடில்லாமல் தருவதுதான் நுண்கடன். எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துக் கட்டும் மாதத் தவணை, குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கேட்கக் கூடாது. வசூலுக்காகக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் போன் போட்டுத் தொல்லை செய்யக் கூடாது.

கொடுக்க நினைப்பவர்களுக்கு

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. நல்ல காரியமாகவும் இருக்க வேண்டும், வீணாகவும் போகக் கூடாது என்று நினைப்பவர்கள் சிலவற்றை மனதில் வைக்கலாம்.

தெரிந்தவருக்குக் கைமாற்றாகக் கொடுப்பது வேறு, வட்டித் தொழில் செய்வது வேறு. வட்டிக்கு விடுவதைத் தொழிலாகச் செய்யத் தமிழ்நாட்டில் 1957-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். அந்த எல்லையைத் தாண்ட வேண்டாம்.

திரும்பி வராவிட்டாலும் நம் வீட்டில் உலை கொதிக்கும் என்ற அளவுக்கு மட்டும் கொடுங்கள். பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு இரவெல்லாம் விழித்திருப்பது தர்மம் ஆகாது. ஒருவருக்கே மொத்தத்தையும் கொடுப்பதைவிட, திரும்பி வரவர அடுத்தவருக்குச் சுற்றில் விடுவது நல்லது.

அந்த மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். ஏற்கெனவே மூன்று தவணை கட்டும் வீட்டுக்கு நான்காவது கடன் உதவி அல்ல. அங்கே 5,000 ரூபாய் கடனைவிட 500 ரூபாய் தானம் மேல். தானத்தைக் கடன் என்று சொல்லிக் கொடுத்து, பிறகு கேட்டுக்கேட்டு உறவைக் கெடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

எழுதி வையுங்கள். சொந்தக்காரர்கள் என்றாலும் எழுதி வையுங்கள். தவணையை வாங்குபவரின் வருமானத்தை ஒட்டி வையுங்கள்: வாரச் சம்பளக்காரருக்கு வாரம், பால் ஊற்றுகிறவருக்குப் பால் பணம் வரும் நாள், வயல்காரருக்கு அறுவடை.

கடன் கொடுக்கும் அளவுக்குப் பணம் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. 15 பெண்கள் வாரம் 100 ரூபாய் போட்டால் ஓர் ஆண்டில் 78,000 ரூபாய் சேரும். அதில் வெளியாள் பணம் ஒரு ரூபாய்கூட இல்லை. மாதம் ஒரு ரூபாய் வட்டிக்குத் தங்களுக்குள் சுற்றில் விட்டால் அந்த வட்டியும் அவர்களுக்கே திரும்பி வரும். ஒழுங்காகக் கூட்டம், ஒழுங்காகச் சேமிப்பு, தங்களுக்குள் கடன், தவறாத தவணை, திறந்த கணக்குப் புத்தகம். இவ்வளவுதான் முதலீடு.

இப்படிக் கொடுத்த பணத்தில் ஒரு மெஷின் ஓடும். ஒரு மாடு கறக்கும். ஒரு பெண் இரண்டாம் ஆண்டுப் படிப்புக்குப் போவாள். பத்தாவது மாதம் கடைசித் தவணையைக் கட்ட வரும்போது அவள் தலை நிமிர்ந்து வருவாள். கொடுத்தவரும் தலை நிமிர்ந்து வாங்கிக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் முதல் கெடவில்லை.